வடை வாங்காத ஓணான்

ஒரு காட்டுல, காட்டுக்குச் சரியா நட்டநடுவுல, ஒரு புளியமரம் நின்னுச்சு. சும்மா மரம்னு நெனச்சுக்காதீங்க. அந்தக் காட்டுக்கே கடைவீதி அதுதான், வண்டி நிக்கிற எடம் அதுதான், வம்பு பேசுற எடமும் அதுதான். கீழ வேருக்கு வேர் கடை. மேல கிளைக்குக் கிளை குடித்தனம். மழை பேஞ்சா ஒழுகும், காத்தடிச்சா ஆடும், ஆனா ஒருத்தரும் காலி பண்ணிட்டுப் போனது கெடையாது.

அந்த மரத்துல, தரையில இருந்து ரெண்டாவது பொந்துல, சடையாண்டின்னு ஒரு ஓணான் இருந்தான். படிப்பு கேட்டீங்கன்னா, பள்ளிக்கூடத்து வேலி வரைக்கும் படிச்சிருக்கான். வேலியில உக்காந்து காதுல விழுந்ததுதான் படிப்பு. அதுலயும் பாதி நேரம் வெயில் காஞ்சதுல தூங்கிட்டான். ஆனா வாய் மட்டும் பட்டணத்து வாய். எந்தக் கூட்டம்னாலும் மொத வரிசை, எந்தப் பேச்சுன்னாலும் மொதப் பேச்சு. "எனக்குத் தெரியாம இந்த மரத்துல ஒரு இலை உதிராது"ம்பான். அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் தலையிலயே ஒரு இலை உதிரும்.

ஓணான்னா தலையை ஆட்டும். அது பொறப்பு. பாக்குறவங்க எல்லாம் "ஆமாஞ்சாமி, ஆமாஞ்சாமி"ன்னு சொல்லுதுன்னு நெனப்பாங்க. அதுதான் இல்ல. ஓணான் தலையை ஆட்டுச்சுன்னா "வாடா, ஒரு கை பாத்துருவோம்"னு அர்த்தம். கோவம் ஏற ஏற ஆட்டமும் ஏறும். முழுக் கோவம் வந்துட்டா தொண்டை செக்கச் செவேல்னு ஆயிரும். சடையாண்டிக்குக் கோவம் காலையில கண்ணு முழிக்கும்போதே வந்துரும். அப்புறம் நாள் முழுக்க ஆட்டந்தான்.

அவன் பொண்டாட்டி பேரு அங்காயி. அவ பக்கத்துக் கெளையில இருக்கிற அணில் வேலாயிகிட்டச் சொல்லுவா: "என் வீட்டுக்காரர் தலை நிக்கிறது தூங்கும்போது மட்டுந்தான் வேலாயி. முழிச்சிருக்கும்போது நின்னு நான் ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன். 'சரி, உன்னையக் கட்டிக்கிறேன்'னு சொன்னேன். அப்ப மனசு நெறஞ்சு போயி நின்னுச்சு பாரு, பத்து எண்ணுற நேரம். எனக்குப் பயமாப் போச்சு. தாலி கட்டுறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டானோன்னு."

அந்த வருசம் அங்காயி பதினாலு முட்டை போட்டா. மரத்தோட கெழக்கு வேருக்கு அடியில, வெயிலு இளசாப் படுற எடமாப் பாத்துக் குழி தோண்டிப் பொதச்சு வெச்சா. பொரிக்க நாப்பது நாள் ஆகும். அதுவரைக்கும் அந்த மண்ணை யாரும் தொடக்கூடாது. முட்டையை எடுத்து எடம் மாத்தினாலும் போச்சு, பொரட்டினாலும் போச்சு.

பத்தாவது நாளு, மரத்துல ஒரு பேனர் ஏறுச்சு.

"நடுக்காடு புத்துயிர்த் திட்டம்"னு போட்டிருந்துச்சு. படத்துல ஆறு மாடிக் கடை, பூராக் கண்ணாடி. முன்னாடி தண்ணி பீய்ச்சி அடிக்குது. அதுக்கு முன்னாடி ஒரு வெள்ளை முயல் குடும்பம், கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு ஐஸ்கிரீம் தின்னுது. அந்தக் காட்டுல வெள்ளை முயலே கெடையாது. எல்லாம் மண்ணு நெறந்தான்.

வேலாயி அணில் படத்தை இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஓடி ஓடிப் பாத்தா. "ஏண்ணே, இதுல நாம எங்கண்ணே இருக்கோம்?"

சடையாண்டி பெரிய மனுசன் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பாத்தான். "நாமளா? படத்துக்கு வெளிய இருக்கோம். படம் புடிக்கிறவன் பக்கத்துல."

"நம்ம மரம்?"

"அதோ, மூலையில ஒரு கட்டம் போட்டுருக்கான் பாரு. வண்டி நிறுத்துற எடம். மரம் அதுக்கடியில."

எல்லாரும் சிரிச்சாங்க. சடையாண்டியும் சிரிச்சான். அப்புறந்தான் அவனுக்குக் கெழக்கு வேர் ஞாபகம் வந்துச்சு. சிரிப்பு தொண்டையிலயே நின்னு, தொண்டை செவந்து போச்சு.

மறுநாள் கருத்துக் கேக்குற கூட்டம். காடு மேம்பாட்டுக் கழகத்துல இருந்து திட்ட அலுவலர் வந்திருந்தாரு. கொக்கு. பேரு தவமணி. ஒத்தக் கால்ல நிப்பாரு, இன்னொரு கால்ல ஃபைல் வெச்சிருப்பாரு. கூடவே கான்ட்ராக்டர் மொக்கராசு. காட்டுப்பன்றி. கான்ட்ராக்டர் பேசவே இல்ல. வந்ததுல இருந்து மூக்கால மண்ணை மோந்து மோந்து பாத்துக்கிட்டே இருந்தாரு, கல்யாண வீட்டுல சாப்பாட்டு மணம் புடிக்கிற மாதிரி.

கூட்டத்துக்குப் பொறப்படும்போது அங்காயி சொன்னா: "ஏய்யா, கூட்டத்துல வடை குடுக்குறாங்களாம். எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வாய்யா. முட்டை போட்ட ஒடம்பு, பசி தாங்கல."

"அடியே, வடைக்கு விலை போற ஆளா நானு? கையில வடை ஏறுச்சுன்னா வாயில பேச்சு ஏறாது. நான் கொள்கைக்காரன்."

"கொள்கை உனக்கு. பசி எனக்குல்ல?"

கேக்காம போயிட்டான்.

கூட்டத்துல கொக்கு தொண்டையைச் செருமுனாரு. "பெரியோர்களே. காட்டுல பல வகை உயிர் இருக்கு. தவளை கத்துறது மானுக்குப் புரியாது, மான் பேசுறது ஆந்தைக்குப் புரியாது. அதனால கழகத்தோட ஏழாவது விதிப்படி வாய்ப்பேச்சு எதுவும் நோட்டுல ஏறாது. நான் கேள்வி கேப்பேன். பத்து எண்ணுவேன். தலை ஆடுனா சம்மதம். ஆடலைன்னா மறுப்பு. அவ்வளவுதான்."

"இத்தனை வருசமா பேரம் பேசி யாவாரம் பண்ணுறோமே, அப்ப எங்க போச்சு இந்தப் புரியாத பாஷை?"ன்னு சடையாண்டி மொத வரிசையில இருந்து கேட்டான்.

"அது வாய்ப்பேச்சு"ன்னாரு கொக்கு. நோட்டுல எழுதிக்கல.

அப்புறம் வடை வந்துச்சு. சூடா, உளுந்து வடை, தேக்கு இலையில மடிச்சு. தலைக்கு ஒண்ணு. முள்ளம்பன்றி வாங்குச்சு, கீரி வாங்குச்சு, வேலாயி ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டா. சடையாண்டிகிட்டத் தட்டு வந்துச்சு. அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். மணம் மட்டும் மூக்குல ஏறுச்சு. அதுக்கு அவன் பொறுப்பில்ல.

எல்லாரும் ஒரு கடி கடிச்சாங்க. கொக்கு அந்த நேரம் பாத்து, "சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. மரத்தை எடுத்துட்டு ஆறு மாடி கட்டச் சம்மதமா? ஒண்ணு... ரெண்டு..."ன்னு ஆரம்பிச்சுட்டாரு.

வடையை மென்னா தலை ஆடாம எப்படி இருக்கும்? முள்ளம்பன்றி தலை ஆடுது. கீரி தலை ஆடுது. வேலாயி தலை ஆடுற ஆட்டத்துல வாலும் சேந்து ஆடுது. கூட்டமே ஆடுது. அசையாத தலைன்னு அந்தக் கூட்டத்துல ஒரே ஒரு தலைதான் இருந்திருக்கணும். வடை வாங்காத தலை.

ஆனா சடையாண்டி அறிவாளியாச்சே! சூழ்ச்சி அவனுக்குப் புரிஞ்சு போச்சு. "அடப் பாவிங்களா, மெல்லாதீங்க! எண்ணுறான்யா, மெல்லாதீங்க!"ன்னு கல்லு மேல தாவி ஏறினான். கோவம் உச்சிக்கு ஏறுச்சு. தொண்டை செம்பருத்தி மாதிரி செவந்துச்சு. தலை மேலயும் கீழயும், மேலயும் கீழயும், உரல்ல உலக்கை விழுற மாதிரி ஆடுச்சு பாருங்க, அப்படி ஒரு ஆட்டம் அந்தக் காடு பாத்ததில்ல.

"பத்து"ன்னாரு கொக்கு. ஒத்தக் கால்ல நின்னபடியே அவனுக்கு ஒரு கும்பிடு போட்டாரு. "எல்லாரும் இவரைப் பாருங்க. இவரு வடைகூட வாங்கல. ஒரு ஆதாயமும் எதிர்பாக்காம, கல்லு மேல ஏறி நின்னு, எல்லாரையும்விட அதிகமாச் சம்மதிச்சிருக்காரு. இவரையே முன்மாதிரிப் பயனாளியா அறிவிக்கிறேன். இனிமே ஒவ்வொருத்தரையும் கேட்டு வடை போட்டுக்கிட்டு இருக்க முடியாது. சடையாண்டி தலை ஆடுனா, மரமே ஆடுன மாதிரி."

சடையாண்டி அதுக்கும் கோவப்பட்டான். அதையும் கொக்கு எழுதிக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்தான். அங்காயி வாசல்லயே நின்னா. "வடை?"

அவன் பொந்துக்குள்ள போயி சுவத்தைப் பாத்து உக்காந்துக்கிட்டான். சுவத்துகிட்டயே சொன்னான்: "மத்தவங்களாச்சும் ஒரு வடைக்குத் தலையக் குடுத்தாங்க. நான் ஓசியிலயே குடுத்துட்டு வந்துட்டேன் புள்ள."

மூணாம் நாள் புதுப் பேனர் வந்துச்சு. முயல் குடும்பத்துக்குப் பக்கத்துல சடையாண்டி மூஞ்சி, செவந்த தொண்டையோட, ஆளு உசரத்துக்கு. கீழ "மகிழ்ச்சியில் பூரிக்கும் சடையாண்டி"ன்னு எழுத்து. பூமி பூசை அடுத்த வெள்ளிக்கெழமைன்னும் போட்டிருந்துச்சு. முட்டை பொரிக்க அதுக்கப்புறமும் மூணு வாரம் ஆகும்.

மரத்துல அவனால நடமாட முடியல. "வாங்க, பூரிப்பு"ங்கும் கீரி. "அண்ணே, உங்க படத்துல பல்லு நல்லா விழுந்திருக்குண்ணே"ம்பா வேலாயி. "சம்மதமா மாப்ள?"ன்னு முள்ளம்பன்றி கேக்கும். இவனுக்குக் கோவம் வரும், தலை ஆடும். "சம்மதமாம்டா!"ன்னு மரமே சிரிக்கும். இத்தனைக்கும் வீடு போறது அவங்களுக்குந்தான். ஆனா பக்கத்து வீட்டுக்காரன் முட்டாளாகும்போது சிரிக்காம இருக்கிற பழக்கம் அந்த மரத்துல இல்ல.

அங்காயி சிரிக்கல. "கழக ஆபீசுல ஆட்சேபம் எழுதிக் குடுக்கலாமாம்யா. வா போவோம்"னு இழுத்துக்கிட்டுப் போனா.

ஆபீசுல வரிசை. முன்னாடி ஒரு ஆமை நின்னுச்சு. "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க பெரியவரே?"ன்னு கேட்டான் சடையாண்டி.

"நான் இப்பத்தான் தம்பி வந்தேன். இது எங்கப்பா போட்ட டோக்கன்."

நல்லவேளை, ஆட்சேப வரிசை தனியா இருந்துச்சு. அதுல ஒருத்தரும் நிக்கல. ஏன் நிக்கலன்னு உள்ள போனப்பத்தான் தெரிஞ்சுச்சு. உள்ள ஆளே இல்ல. ஒரு பெட்டி இருந்துச்சு. பெட்டியில ஒரு கண்ணு, கேமராக் கண்ணு. பெட்டி பேசுச்சு: "ஆட்சேபம் தெரிவிக்க, கண்களைத் திறந்தபடி பத்து வினாடி அசையாமல் நிற்கவும்."

சடையாண்டி பெட்டியைப் பாத்தான். பெட்டி அவனைப் பாத்துச்சு. அவனை மொறைச்சுப் பாத்த எதையும் அவன் சும்மா விட்டதில்ல. தலை ஆடுச்சு. பெட்டி ஒரு சீட்டைத் துப்புச்சு. "தங்கள் சம்மதத்துக்கு நன்றி."

"மறுபடி நில்லுய்யா. மூச்சை அடக்கு"ன்னா அங்காயி. ரெண்டாவது சீட்டு.

"எதையாச்சும் நல்லதா நெனச்சுக்க. கட்டெறும்பை நெனச்சுக்க." கட்டெறும்பை நெனச்சான். நேத்து அவன்கிட்ட இருந்து கீரி தட்டிப் பறிச்ச கட்டெறும்பு ஞாபகம் வந்துச்சு. மூணாவது சீட்டு.

"தூங்குய்யா. தூங்கும்போது நிக்குமே." அலைஞ்சு வந்த அசதியில தூங்கிட்டான். தலை கல்லு மாதிரி நின்னுச்சு. பெட்டி சொல்லுச்சு: "கண்களைத் திறக்கவும்." திடுக்குனு முழிச்சான். நாலாவது சீட்டு.

அங்காயி வெளிய போயி ஒரு ஈர்க்குச்சியும் கொடியும் கொண்டு வந்தா. குச்சியை அவன் முதுகோட வெச்சு, கழுத்தைச் சேத்து, இறுக்கிச் சுத்துனா. இப்ப ஆட்ட முடியல. கண்ணு மட்டும் உருண்டுச்சு. பெட்டி எண்ணுச்சு. ஒண்ணு, ரெண்டு, ஏழு, எட்டு...

"நிறுத்துங்க!" கொக்கு தவமணி உள்ள வந்துட்டாரு. "என்ன அநியாயம் இது? பயனாளி கழுத்துல கட்டுப் போட்டது யாரு?"

"நாந்தான் சார். அவரு பொஞ்சாதி."

"கட்டாயப்படுத்தி வாங்குற ஆட்சேபம் செல்லாதும்மா. கழகம் யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல, அடுத்தவங்களும் பண்ண விடாது." சொல்லிக்கிட்டே தன் நீள மூக்கால கட்டைப் பக்குவமா அவுத்து விட்டாரு. அவுத்ததும் சடையாண்டி அவரை மொறைச்சான். அஞ்சாவது சீட்டு.

வழி நெடுக அங்காயி பேசவே இல்ல. மரம் கண்ணுல பட்டதும், "அஞ்சு சீட்டையும் பத்திரமா வெச்சுக்க. உன் பிள்ளைங்களுக்குக் காட்ட ஆவும். பிள்ளைங்க இருந்தா"ன்னா. சடையாண்டி அஞ்சையும் மடிச்சு அக்குளுக்குள்ள வெச்சுக்கிட்டான்.

வெள்ளிக்கெழமை வந்துச்சு. பந்தல், மைக்கு, வாழமரம். மொக்கராசு குளிச்சு, நெத்தியில சந்தனம் வெச்சு, கெழக்கு வேருக்குப் பக்கத்துலயே வந்து நின்னுக்கிட்டாரு. அவருக்கு மண்ணு அங்கதான் மெத்துன்னு இருந்துச்சாம். அங்காயி அவரு கால் கொளம்புக்கும் முட்டைக் குழிக்கும் நடுவுல போயி உக்காந்தா. பன்றிக்கு முன்னாடி ஓணான். ஒரு எலந்தப்பழம் கெடக்குற மாதிரி.

சடையாண்டிக்கு மேடையில எடம். கழுத்துல மாலை போட்டாங்க. மாலை அவனைவிட நீளம். பூவுக்குள்ள இருந்து மூஞ்சி மட்டும் தெரிஞ்சுச்சு, அதுவும் செவப்பா. மைக்கைப் புடிச்சு ரெண்டு வார்த்தை நாக்கைப் புடுங்குற மாதிரி கேக்கணும்னு அவன் திட்டம். மைக்கு அவன் தலைக்கு மூணு முழம் மேல இருந்துச்சு.

கொக்கு நோட்டை விரிச்சாரு. "விதிப்படி கடைசியா ஒரு தடவை கேக்கணும். இன்னிக்கே தோண்டச் சம்மதமா?"

தலை ஆடுச்சு. பூவெல்லாம் உதிர உதிர ஆடுச்சு.

"நல்லது. விதிப்படி, வேற யாராவது கேள்வி வைக்கணுமா?" இது சும்மா படிக்கிற வரி. அந்தக் காட்டுல எந்தப் பூசையிலயும் இதுக்கு யாரும் எந்திரிச்சதில்ல. கொக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பவே ஆரம்பிச்சுட்டாரு.

"நான் வைக்கிறேன் சார்."

அங்காயி. உக்காந்த எடத்துலயே எந்திரிச்சு நின்னா. ஆபீசுல இருந்து வந்த நாள்ல இருந்து அவ பேசாம இருந்தது கோவத்துனால இல்ல. யோசனையில.

"ஏய்யா சடையாண்டி! முட்டை பொரிக்கிற வரைக்கும், ஒரு மாசத்துக்கு, இந்த மண்ணை யாரும் தொடக்கூடாது. சம்மதமா?"

கொக்கு ஃபைலைக் கீழ போட்டுட்டாரு. சடையாண்டிக்கு ஒண்ணும் புரியல. அவன் இன்னும் முந்தின கேள்விக் கோவத்துலயே இருந்தான். தலை பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருந்துச்சு. கூட்டமே சேந்து எண்ணுச்சு: "...எட்டு, ஒம்பது, பத்து!"

"இது என்ன சார் கூத்து?"ன்னு உறுமினாரு மொக்கராசு. அன்னிக்குத்தான் அவரு கொரலையே எல்லாரும் கேட்டாங்க.

"ஏழாவது விதிய்யா"ன்னாரு கொக்கு, வெறும் வாயை மென்னுக்கிட்டே. "மரமே ஆடுன மாதிரின்னு நான்தான் எழுதி வெச்சிருக்கேன். ஒரு மாசம் தள்ளி வைப்பு." எழுதினாரு. பேனா பேப்பரைக் கிழிச்சுச்சு.

மரத்துல ஒரே விசில். வேலாயி கெளைக்குக் கெளை தாவுனா. "அங்காயி, விடாத! இன்னொண்ணு கேளு! இன்னொண்ணு!"

அங்காயி புருசனைப் பாத்துச் சிரிச்சா. முட்டை போட்டதுல இருந்து சிரிக்காத சிரிப்பு. "ஏய்யா! இந்தத் திட்டமே வேணாம். மரம் மரமா இருக்கட்டும். சம்மதமா?"

கொக்கு கண்ணை மூடிக்கிட்டாரு. "ஒண்ணு"ன்னாரு, சாவுச்சேதி சொல்லுற கொரல்ல.

அந்த நேரம் பாத்துத்தான் சடையாண்டிக்கு எல்லாம் வெளங்குச்சு. பதினாலு முட்டையும் தப்பிச்சது வெளங்குச்சு. தான் பொறந்ததுல இருந்து எந்த ஆட்டத்துனால ஊருக்கு முட்டாளா நின்னானோ, அந்த ஆட்டத்தையே தன் பொண்டாட்டி சாவியாட்டம் திருப்பிட்டா. அவளைப் பாத்தான். அவ சிரிப்பைப் பாத்தான். கோவம் எங்கயோ போச்சு. மனசு அப்படியே நெறஞ்சு போச்சு.

தலை நின்னுருச்சு.

"ரெண்டு"ன்னாரு கொக்கு. ஒரு கண்ணைத் தொறந்தாரு. "மூணு." இன்னொரு கண்ணையும் தொறந்தாரு. "நாலஞ்சாறு..."

"யோவ், ஆட்டுய்யா!"ன்னு கத்துச்சு கீரி.

"அண்ணே! அண்ணே! பேனர்ல உன் மூஞ்சிய நெனச்சுப் பாருண்ணே, கோவம் வரட்டும்!" வேலாயி மேல இருந்து புளியம்பழத்தைப் பறிச்சு அவன் மண்டையிலயே எறிஞ்சா. பட்டுச்சு. ஆடல. முள்ளம்பன்றி ஒரு முள்ளைப் புடுங்கி மேடைக்கு ஓடுச்சு, குத்தியாச்சும் ஆட்டிவிட. அதுக்குள்ள கொக்கு "எட்டொம்பதுபத்து!"ன்னு ஒரே மூச்சுல முடிச்சுட்டாரு.

"தலை அசையல. திட்டத்தைக் கைவிட முன்மாதிரிப் பயனாளிக்குச் சம்மதமில்ல. பலமான மறுப்பு. புளியம்பழம் பட்டும் மறுத்திருக்காரு." நோட்டை மூடுனாரு. "கூட்டம் முடிஞ்சது."

சடையாண்டிக்கு அப்பத்தான் சொரணை வந்துச்சு. மாலையோட மேடையில இருந்து உருண்டு எறங்கி அங்காயிகிட்டப் போனான். அடிப்பாளோன்னு பயம்.

"ரெண்டாவது தடவையாய்யா?"ன்னா அங்காயி.

"நீ அப்படிச் சிரிச்சா நான் என்ன புள்ள பண்ணுவேன்?"

"கோவக்காரனைக் கட்டிக்கிட்டேன்னு நம்பித்தான்யா கேட்டேன்"னு தலையில அடிச்சுக்கிட்டா. அடிச்சது தன் தலையில. ஆனா சிரிச்சுக்கிட்டேதான் அடிச்சா.

மூணு வாரத்துல முட்டை பொரிஞ்சுச்சு. மண்ணைத் தள்ளிக்கிட்டு ஒண்ணொண்ணா, வெரல் நகம் அளவு தலைங்க. வெளிய வந்ததும் சூரியனைப் பாத்துச்சுங்க. "யாருடா நீ, இந்நேரத்துக்கு இங்க?"ன்னு பதினாலும் சேந்து தலையை ஆட்டுச்சுங்க. அளந்து பாக்க வந்திருந்த கொக்கு, நின்ன எடத்துலயே நோட்டை எடுத்தாரு. "புதுசா பதினாலு சம்மதம்"னு எழுதிக்கிட்டாரு.

மாசம் முடிஞ்ச மறுநாள் மொக்கராசு தோண்டுனாரு. மரம் போச்சு. ஆறு மாடி வந்துச்சு, பூராக் கண்ணாடி. கூலிங்கிளாஸ் போட்ட வெள்ளை முயலுங்க எங்கிருந்தோ நெசமாவே வந்து எறங்குச்சுங்க. கீரியும் முள்ளம்பன்றியும் காட்டோரத்துல கழகம் போட்ட சிமெண்டுக் கொட்டாய்க்குப் போயிட்டாங்க. வேலாயி ரெண்டாவது மாடியில, சன்னலுக்கு வெளிய, ஏசிப் பெட்டி மேல கூடு கட்டிக்கிட்டா. சடையாண்டி குடும்பத்துக்கு வாசல் பூந்தொட்டி கெடச்சுச்சு. முன்மாதிரிப் பயனாளிக்குச் சலுகை.

வந்த அன்னிக்கே, வாசக் கண்ணாடியில ஒரு ஓணான் நிக்கிறதைச் சடையாண்டி பாத்தான். செவந்த தொண்டை, திமிரான பார்வை, மொறைக்கிறான். "எவன்டா நீ? எங்கிட்டயா?"ன்னு இவன் தலையை ஆட்டுனான். அவனும் ஆட்டுனான். இவன் வேகமா ஆட்டுனான். அவனும் வேகமா ஆட்டுனான். அங்காயி எத்தனையோ எடுத்துச் சொல்லிப் பாத்தா. "அது நீதான்யா." "நான் இவ்வளவு மூஞ்சூறு மூஞ்சியாவா இருக்கேன்? போடி." காலையில இருந்து கடை சாத்துற வரைக்கும் சண்டை. இதுவரைக்கும் யாரும் செயிக்கல.

உள்ள போற முயலுங்க எல்லாம், "வாசல்ல என்ன மரியாதை, பாத்தீங்களா! எப்படித் தலையாட்டி வரவேக்குறாரு!"ன்னு பேசிக்கிச்சுங்க. கழகம் அவனை வரவேற்பாளராப் போட்டுருச்சு. கழுத்துல ஒரு அட்டையும் தொங்க விட்டுச்சு.

போன வாரம் பக்கத்துக் கொளத்துல புதுப் பேனர் ஏறுச்சு. படத்துல தண்ணி இல்ல, பத்து மாடி. கருத்துக் கேக்குற கூட்டம். மொத வரிசையில சடையாண்டி. கொக்கு எந்திரிச்சாரு, வடைத் தட்டு வந்துச்சு. சடையாண்டி கையை நீட்டி ஒண்ணு எடுத்தான். மூஞ்சியக் கொஞ்சம் அப்படிக்கா திருப்பிக்கிட்டு, இன்னொண்ணும் எடுத்தான்.

"அது யாருக்கு சடையாண்டி?"ன்னாரு கொக்கு.

"வீட்டுக்கு சார். ரொம்ப நாள் பாக்கி."

ரெண்டாவதை இலையில பொட்டலமா மடிச்சு அக்குளுக்குள்ள வெச்சுக்கிட்டான். மொத வடையை வாய் நெறைய அடைச்சுக்கிட்டுக் கல்லு மேல ஏறி, தொண்டை செவக்க, மேலயும் கீழயும், மேலயும் கீழயும், ஆவேசமா எதிர்த்தான்.

நீதி: சண்டைக்கு ஆட்டுனாலும் தலை சம்மதத்துலதான் சேரும். அதனால எதிர்க்கப் போறவங்க மொதல்ல வடையை வாங்கிக்கங்க, வீட்டுக்கு ஒண்ணு கேட்டு வாங்குங்க, மறந்தும் மனசு நெறஞ்சு மட்டும் நின்னுறாதீங்க.